விடுமருந்து

கடுகுச் செடிகள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

துவைத்த விரிப்பைக் கொடியில் போட வந்தவள் அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டித்தான் காலை வெயில் அந்தப் பின்முற்றத்துக்குள் இறங்கும். விதைத்த நாளிலிருந்து செடிகள் அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்து வளர்ந்திருந்தன. இப்போது ஒன்றுவிடாமல் எல்லாம் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. இன்னும் சரியாகச் சொன்னால், பின்சுவரை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் பக்கம். நாற்காலியில் யாரும் இல்லை. அவள் கணவன் இன்னும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

விரிப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் முதுகு வழியாக இறங்கியது. அது குளிர்ந்த தண்ணீர் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவளுக்கு உறைத்தது. பயம் என்று சொல்ல முடியாது. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் முழுசாக வந்து சேர்வதில்லை. பயமோ பசியோ, வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விடும். அவள் விரிப்பை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வேலை தெருக்கோடியில்தான். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய ஆலை அங்கே இருந்தது. இப்போது உலையும் இல்லை, கூரையும் இல்லை. சுற்றுமதில் மட்டும் நிற்கிறது. மதிலுக்குள் முழுக்கக் கடுகு. தின்பதற்கு இல்லை. மண்ணில் ஊறிக்கிடக்கும் ஈயத்தை உறிஞ்சி எடுப்பதற்கு. அவள் கணவன் அந்த உலையடியில்தான் வேலை பார்த்தான். சட்டையில், தலைமுடியில், காது மடலின் பின்னால் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஈயப் பொடியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் அந்தச் சட்டைகளைப் பின்முற்றத்தில் அலசினாள். அந்த ஈரத்தில்தான் மகள் தவழக் கற்றுக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் அவன் கைகள் இரண்டும் மணிக்கட்டோடு தொங்கிவிட்டன, ஆணியில் மாட்டிய காலிக் கையுறைகளைப் போல. மகளுக்கு வயிற்றுவலி வந்தது. கற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக மறந்துபோயின. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "குழந்தையை இந்த வீட்ல வெச்சிருக்காதீங்க. மண்ணு சுத்தமாகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்றார். அன்றிலிருந்து மகள் வேறு ஊரில், சித்தி வீட்டில் வளர்கிறாள். அங்கே வயிற்றுவலி நின்றது. வார்த்தைகள் திரும்பின. அம்மா என்ற வார்த்தை மட்டும் தொலைபேசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே பின்முற்றத்திலும் அவள் கடுகு விதைத்தாள். சூப்பர்வைசரே ஒரு பிடி விதை கொடுத்து, பயிர் முடிந்ததும் மண்ணை அளக்கிற அதிகாரியை அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் சுத்தம் என்று சொல்லிவிட்டால் போதும். மகள் வந்துவிடலாம்.

சாப்பாட்டு நேரத்தில் மதில் நிழலில் எல்லாரும் டப்பாவைத் திறந்தபோது அவள் செடிகள் திரும்பியிருந்ததைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தது ரேடியோ அக்கா. வாய் ஓயாததால் வந்த பெயர்.

"வெயிலைப் பாக்காத செடியா? அந்த நாற்காலில யாரு உக்காருவா?"

"அவருதான். சாயங்காலமெல்லாம் அங்கதான் இருப்பாரு."

"அப்புறம் என்ன. உன் வீட்டுக்காரர் அழகுல செடி சொக்கிப் போச்சு. நீதான் அந்த மனுஷனைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கற."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

சூப்பர்வைசர் குடையை மடக்காமலே அங்கே வந்தார். வெயிலோ மழையோ, அவர் குடை மடங்கி யாரும் பார்த்ததில்லை. "சிரிச்சது போதும். நாளைக்கு அந்தக் கோடித் துண்டுக்கு விடுமருந்து ஊத்தறோம். பூட்ஸ் இல்லாம யாரும் உள்ள இறங்கக் கூடாது."

"இறங்குனா என்ன சார், முளைச்சிடுவோமா?" என்றாள் ரேடியோ அக்கா.

"உங்க எல்லார் உடம்புலயும் கொஞ்சமாவது ஈயம் இருக்கு. மண்ணு எது, மனுஷன் எதுன்னு மருந்துக்குத் தெரியாதும்மா."

விடுமருந்து என்பது அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். மண் ஈயத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். செடி எவ்வளவு இழுத்தாலும் கொஞ்சம்தான் வரும். பயிர் பூக்கும் முன்னால் இந்த மருந்தைக் கரைத்து ஊற்றினால் மண் பிடியை விட்டுவிடும். அவிழ்ந்த ஈயம் முழுவதையும் செடி ஒரே மூச்சில் குடிக்கும், தாங்காது, சில நாட்களில் நின்ற இடத்திலேயே கருகும். உடனே வேரோடு பிடுங்கி, எரித்து, சாம்பலைப் பீப்பாயில் அடைத்து மூடிவிட வேண்டும்.

அந்த மருந்தின் பெயர் அவளுக்கு வேலையில் சேரும் முன்பே தெரியும். ஆஸ்பத்திரியில் கணவனுக்கு ஏற்றிய டிரிப்ஸ் பாட்டிலில் இருந்ததும் அதே பெயர்தான். எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்ட ஈயத்தை அது அவிழ்த்துவிடும், சிறுநீரகம் அதை வெளியே தள்ளவேண்டும் என்றார் டாக்டர். அவன் சிறுநீரகம் தள்ளவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள். எலும்பில் இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் மிஞ்சிய மருந்தை ஒரு கேனில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அந்தி. மேகம் எங்கும் நகரவில்லை. யார் வீட்டிலோ குக்கர் மூச்சுவிட்டது. கணவன் நாற்காலியில் இருந்தான், கைகள் தொடைமேல் மல்லாந்து கிடந்தன. அவள் வாளியில் மருந்தைக் கரைத்து, வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தாள்.

"வாடையே இல்லையே" என்றான் அவன். "தண்ணிதானோ? உங்க சூப்பர்வைசர் ஏமாத்தறாரு."

"மருந்துதாங்க."

அவன் செருப்பை உதறிவிட்டுப் பாதங்களை ஈரமண்ணில் வைத்தான். "அப்பாடா. குளுகுளுன்னு இருக்கு. எவ்ளோ நாளாச்சு, காலுல ஒண்ணு தெரிஞ்சு."

காலை எடுங்க என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தும் இருந்தது. ஆனால் மனசுக்குள் வேறொன்று ஓடியது. மண்ணுக்கும் இதுதான் மருந்து, மனிதனுக்கும் இதுதான். அவிழ்வது வெளியே போக ஒரு வழி இல்லை என்பதுதானே குறை? இங்கே ஒரு முற்றம் முழுக்க வழி நின்றுகொண்டிருக்கிறது. அவள் வாளியைச் சாய்த்தாள். அடியில் மிஞ்சியதை அவன் பாதங்களின்மேலேயே ஊற்றினாள்.

காலையில் சமையலறை மேடையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டு எழுந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். தானே தண்ணீர் பிடித்துக் குடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் வலது கையை மெல்லத் தூக்கினான். மணிக்கட்டு நடுங்கியது, ஆனால் நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏதாவது சொல்லேன்டி."

அவள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்திருக்கும். மகளைக் கூப்பிட்டார்கள். தொலைபேசியை அவனே பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நீயேவா போன் பிடிச்சிருக்க?"

"நானேதான் குட்டி. உங்கம்மாவைக் கேளு."

"அப்ப நான் எப்ப வர்றது?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கதவு வழியாகச் செடிகளைப் பார்த்தாள். "சீக்கிரம்" என்றாள். "மண்ணு இன்னும் கொஞ்சம் சுத்தமாகணும்."

ஆலை நிலத்தில் மருந்து குடித்த செடிகள் சொன்னபடி கருகின. கையுறை போட்டுப் பிடுங்கி எரித்தார்கள். அவள் வீட்டுச் செடிகள் கருகவில்லை. தண்டு விரலளவு தடித்தது. இலையின் அடிப்பக்கம் மழைநாள் வானம்போல ஒரு மங்கல் நிறம் படர்ந்தது. தொட்டால் இலைக்குரிய மென்மை இல்லை, கழுவி வைத்த தட்டுபோல வழுவழுப்பாக இருந்தது. பூக்கும் பருவம் தாண்டியும் ஒரு மொட்டுகூட விடவில்லை. பூக்க அவசரமில்லாதவைபோல, பந்தி இன்னும் முடியவில்லை என்பதுபோல நின்றன.

கணவன் இப்போது காலையிலேயே நாற்காலிக்குப் போய்விட்டான். சட்டை பொத்தானைத் தானே போட்டான். வாழைக்காய் நறுக்கிக் கொடுத்தான். பக்கத்து வீட்டுக்காரரோடு மதிலுக்கு மேலே கை குலுக்கி, அவர் "அட, பிடி இரும்பு மாதிரி இருக்கே" என்றதும் குழந்தைபோலச் சிரித்தான். ஆனால் சாப்பிட உள்ளே வரவில்லை. தட்டை அங்கேயே கேட்டான். பிறகு தட்டும் வேண்டாம் என்றான்.

அவன் கைகள் தேறத் தேற, மற்றதெல்லாம் குறைந்தது. முதலில் கன்னம். பிறகு தோள். ராத்திரி அவன் வந்து படுக்கும்போது கட்டில் இறங்குவது நின்றுபோனது. விரிப்பில் சுருக்கம் விழவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. குழாயை மூடினாள். மறுபடியும் கேட்டது. டம்ளரின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது உறிஞ்சுகுழலில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். மெதுவாக. நிதானமாக. ஒன்று நின்றால் இன்னொன்று. முற்றத்தின் எல்லா மூலைகளிலிருந்தும்.

அவள் பின்வாசலுக்குப் போனாள். கணவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். முகத்தில் ஓர் அமைதி. பாதங்கள் கணுக்கால்வரை மண்ணுக்குள் இருந்தன. அவன் புதைத்ததா, மண்தான் ஏறியதா, தெரியவில்லை. அவள் குனிந்து விரலால் மண்ணை விலக்கினாள்.

வெள்ளை நூல்கள். தலைமுடியைவிட மெல்லியவை. விரலிடுக்கில், குதிகாலில், நகக்கண்ணில். அவை தோலைச் சுற்றியிருக்கவில்லை. தோலுக்குள் போயிருந்தன.

"ஏங்க."

"ம்."

"உங்க காலு."

"தெரியும்" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "வலிக்கலடி. கூச்சம்கூட இல்ல."

அவள் கத்திரிக்கோல் எடுத்து வந்து ஒரு கொத்தை வெட்டினாள். வெட்டிய முனைகள் இரண்டு பக்கமும் கசிந்தன. செடியின் பக்கம் வெளிறிய நீர். அவன் பக்கம் வேறு நிறம். தொங்கிக்கொண்டிருந்த முனைகள் கொஞ்சம் தேடின. கண்டுபிடித்தன. மறுபடி சேர்ந்துகொண்டன.

"விடு" என்றான் அவன். "மண்ணு சுத்தமாகட்டும். குழந்தை வரட்டும். அப்புறம் எல்லாத்தையும் பிடுங்கிடலாம்."

அவள் கத்திரிக்கோலைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பு வழக்கம்போல எங்கோ தூரத்தில் நடந்தது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ பேசுவதுபோல. அவள் தடுக்க நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

மண்ணை அளக்கும் அதிகாரி வந்தார். இளைஞர். துப்பாக்கி போன்ற கருவியைத் தரையில் அழுத்தி, அதன் சின்னத் திரையைப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். பிறகு எழுந்துபோய் வெளிமதிலில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"கருவி நல்லாத்தான் இருக்கு" என்றார், தனக்குத்தானே. "மண்ணுக்கு என்னம்மா போட்டீங்க?"

"கடுகுதான் சார். ஏன், ஈயம் இருக்கா?"

"ஈயம் சுத்தமா இல்ல. அது சரி. இரும்புகூட இல்லையே. சுண்ணாம்புச் சத்து இல்ல. எந்த மண்ணுலயும் இதெல்லாம் கொஞ்சமாவது இருக்கும்மா. இது என்னமோ…" செடிகளைப் பார்த்தார். "இதுல இனிமே எதுவுமே இல்ல. அப்புறம் எதைச் சாப்பிட்டு இது இப்படிக் கொழுத்து நிக்குது?"

"சார்" என்று நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. காகிதத்தை மடிப்பதுபோன்ற குரல். "டீ குடிச்சிட்டுப் போங்க."

அதிகாரி திரும்பினார். இடுப்புக்குக் கீழே போர்வை போர்த்தியிருந்தது. போர்வைக்குள் தொடை இருக்க வேண்டிய இடத்தில் மேடு இல்லை. அவர் அங்கே அதிக நேரம் பார்க்கவில்லை. "இன்னொரு நாள் குடிக்கறேன்" என்றார். வாசலில் ஷூ போடும்போது கயிறு கட்டக்கூட நிற்கவில்லை. "குழந்தை வரலாம்மா. தாராளமா வரலாம்."

அவள் உடனே தங்கையைக் கூப்பிட்டாள்.

அவர்கள் வரும் நாளில் அவள் கையுறை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். பிடுங்கி முடித்துவிட்டால் தீர்ந்தது. முதல் வரிசை. முதல் செடி. தண்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

இழுத்தாள்.

நாற்காலி நகர்ந்தது.

மறுபடி இழுத்தாள். அவன் தலை ஆடியது. வாய் திறந்தது. மூடியது. சத்தம் வரவில்லை. கண்கள் திறந்திருந்தன, அவளைப் பார்க்கவில்லை. கைகள் மட்டும் நாற்காலியின் கைப்பிடிகளில் இருந்தன. நரம்போடியவை. சிவந்தவை. நல்ல கைகள்.

எல்லாவற்றையும் பிடுங்கினால் கூடவே என்ன வரும்?

தண்டை விட்டாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. எதிர்பார்த்ததைவிட முந்தைய பேருந்தில் வந்துவிட்டார்கள். "அக்கா!" என்று தங்கையின் குரல். அதற்கு முன்னால் சின்னப் பாதங்களின் ஓட்டம்.

அவள் வீட்டுக்குள் பாய்ந்து பின்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தேடினாள். கை தாழ்ப்பாள்மேல்தான் இருந்தது. விரல்கள் அதை உணரவில்லை. நகர்த்தினாளா? நகர்ந்ததா? குனிந்து பார்த்தாள். விரல்கள் கம்பிக்குப் பக்கத்தில் வெறும் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தன.

"அம்மா!"

மகள் வளர்ந்திருந்தாள். வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் மகளின் தலையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். எண்ணெய் வாசனை. பேருந்து வாசனை. ஏதோ ஒன்று, இவ்வளவு நாளில் முதல்முறையாக, வாசலைத் தாண்டி உள்ளே வரப் பார்த்தது.

"அப்பா எங்க?"

"தூங்கறாரு. அப்புறம் பாக்கலாம். முதல்ல சாப்பிடு."

"குட்டி" என்றது கதவுக்கு அந்தப் பக்கம்.

மகள் அவள் கைக்கு அடியில் நுழைந்தாள். கதவு திறந்தது.

"அப்பா! உன் கை!"

"வா."

"கால்மேல நிக்கட்டுமா? சின்னதா இருக்கறப்ப நிப்பேனே, நீ நடப்பியே?"

"வா குட்டி."

மகள் செருப்பைக் கழற்றினாள். தான் கத்தினோமா, கத்த நினைத்தோமா, அவளுக்கு நிச்சயமில்லை. மகள் முற்றத்தில் இறங்கி, அப்பாவின் முழங்கால் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் நின்று, அவன் பாதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் தன் பாதங்களை வைத்தாள். மண் இறங்கிக் கொடுத்தது. அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். மகள் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மாமா கை எவ்ளோ நல்லாயிடுச்சு!" தங்கை அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அழ ஆரம்பித்தாள். சந்தோஷ அழுகை. "நான் நம்பவே இல்லக்கா."

உறிஞ்சும் சத்தம் நின்றிருந்தது.

முற்றம் முழுக்க அமைதி.

அவள் ஓடினாள். மகளை இடுப்போடு பற்றித் தூக்கினாள். மகள் எழும்பினாள், கொஞ்சம். அதற்குமேல் வரவில்லை. சின்னக் குதிகால்களுக்கும் மண்ணுக்கும் நடுவில் வெள்ளை நூல்கள் விறைத்து நின்றன.

"கையை விடுங்க" என்றாள்.

அவன் முகம் அவள் பக்கம் இருந்தது. தோல் இருந்தது. கண் இருந்தது. பின்னால் யாரும் இல்லை. கைகள் விடவில்லை.

"விடுங்க!"

மகள் சிரித்தாள். "அம்மா, விளையாட்டும்மா. வலிக்கவே இல்ல."

அவள் இழுத்தாள். கைகள் பிடித்திருந்தன. நூல்கள் அறுபடவில்லை. மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள், கால்கள் அந்தரத்தில், உதடுகள் வெளுத்துக்கொண்டே வர. கீழே அந்த வெள்ளை நூல்கள் ஒவ்வொன்றாக, குதிகாலிலிருந்து மண்ணை நோக்கி, சிவந்துகொண்டிருந்தன.